ஏ-பி ரிப்பீட் முதல் 9 கட்டம் வரை... சிடி பிளேயரின் மறந்துபோன பட்டன்கள்!

கொல்லையில் கிளி விரட்டும் அந்தப் பளபள தட்டுக்குள் என்னவெல்லாம் இருந்தது தெரியுமா? பீரோவில் தூங்கும் கல்யாண சிடியை ஏன் இந்த வருஷமே காப்பாற்ற வேண்டும்?

ரிஷிவந்தியம் பக்கம் பைக்கில் போனால், மக்காச்சோளக் கொல்லையில் கயிறு கட்டித் தொங்கவிட்ட சிடிக்கள் கண்ணில் படலாம். காற்றில் சுற்றும், வெயில் பட்டுப் பளிச்சென்று அடிக்கும், கிளி பயந்து பறக்கும். 2கே கிட்ஸில் பலருக்கு சிடி என்றால் இதுதான் ஞாபகம். இல்லையென்றால் பள்ளிக்கூட கிராஃப்ட் வேலைக்கு வாங்கின பொருள்.

ஆனால், இன்றைக்கு உங்கள் மியூசிக் ஆப்பில் 'ஷஃபிள்' அமுக்குகிறீர்களே, பிடித்த பாட்டுக்கு ஹார்ட் போடுகிறீர்களே, ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும்போது சத்தம் மெதுவாகக் குறைகிறதே... இதெல்லாம் போன் வருவதற்கு ரொம்ப முன்னாடியே சிடி பிளேயரில் இருந்த சமாச்சாரங்கள். அதைவிட முக்கியம், அங்கே இருந்த சில வசதிகள் இன்றைக்குப் பல ஆப்களில் தேடினாலும் கிடைப்பதில்லை. அவற்றைத்தான் ஒரு ரவுண்டு பார்க்கப் போகிறோம். கடைசியில் உங்கள் வீட்டுக்கு உடனடியாக உதவும் ஒரு வேலையும் இருக்கிறது. அதை மட்டும் ஸ்கிப் பண்ணிடாதீங்க!

எல்லாம் 1982-ல் ஆரம்பிச்சது

சிடியை உருவாக்கியது இரண்டு கம்பெனிகள். நெதர்லாந்தின் பிலிப்ஸ், ஜப்பானின் சோனி. இருவரும் சேர்ந்து 1980-ல் இதற்கான விதிமுறையை முடிவு செய்தார்கள். அந்த ஆவணத்தின் அட்டை சிவப்பு என்பதால் அதற்கு 'ரெட் புக்' என்றே பெயர். 1982 அக்டோபர் 1 அன்று சோனியின் 'சிடிபி-101' ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. விலை 1,68,000 யென். அந்தக் காலத்துக்கு அது பெரிய தொகை.

அந்த முதல் மாடலில் ஒரு வேடிக்கை உண்டு. டிஜிட்டல் எண்களை ஒலியாக மாற்றும் சிப் அப்போது விலை அதிகம். அதனால் இடது, வலது இரண்டு ஸ்பீக்கருக்கும் சேர்த்து ஒரே சிப்தான். அது மாறி மாறி இரண்டு பக்கமும் வேலை பார்த்தது. விளைவு, ஒரு பக்கத்து ஒலி மற்றதைவிட ஒரு விநாடியில் சுமார் ஒரு லட்சத்தில் ஒரு பங்கு தாமதமாக வரும். காதுக்கா தெரியப்போகிறது? ஆனால் அன்றைய ஆடியோ பிரியர்கள் அதையும் விவாதித்தார்கள்.

1984-ல் சோனி 'டி-50' என்ற கையடக்க பிளேயரைக் கொண்டுவந்தது. உலகத்தின் முதல் போர்ட்டபிள் சிடி பிளேயர் அதுதான். நாலு சிடி டப்பாவை அடுக்கிவைத்த சைஸ். பிறகு 'டிஸ்க்மேன்' என்ற பெயரில் அந்த வகை ஊரெல்லாம் பிரபலமானது.

தட்டுக்குள்ளே என்ன நடக்குது?

வசதிகளைப் புரிந்துகொள்ள, சிடி எப்படி வேலை செய்கிறது என்று இரண்டு நிமிஷம் பார்த்துவிடலாம்.

சிடியின் குறுக்களவு 12 சென்டிமீட்டர். அதன் மேல் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஒரே ஒரு கோடு, முறுக்கு மாதிரி சுற்றிச் சுற்றிப் போகிறது. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 1.6 பங்கு. அந்தக் கோட்டைப் பிரித்து நீளமாக வைத்தால் 5 கிலோமீட்டருக்கு மேல் வரும்! கோடு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னப் பள்ளங்கள். பிளேயருக்குள் இருக்கும் லேசர் அந்தப் பள்ளத்தையும் சமதளத்தையும் தடவிப் பார்த்து 1, 0 என்று படிக்கிறது. ஒரு விநாடிப் பாட்டுக்கு, ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் 44,100 முறை ஒலியின் அளவு பதிவாகியிருக்கும்.

கிராமபோன் தட்டு வெளியிலிருந்து உள்ளே போகும். சிடி உள்ளிருந்து வெளியே வரும். உள்வட்டம் சின்னது என்பதால் முதல் பாட்டு ஓடும்போது தட்டு நிமிஷத்துக்குச் சுமார் 500 சுற்று சுற்றும். கடைசிப் பாட்டு வரும்போது வேகம் சுமார் 200-க்கு இறங்கிவிடும்.

சிடி போட்டதும் 'ஸ்ர்ர்ர்...' என்று ஒரு சத்தம் வந்து, சில விநாடி கழித்துத்தான் பாட்டு எண் தெரியும், ஞாபகம் இருக்கிறதா? அந்த நேரத்தில் பிளேயர் நடுப்பகுதியில் இருக்கும் பொருளடக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும். எத்தனை பாட்டு, ஒவ்வொன்றும் எங்கே தொடங்குகிறது, மொத்தம் எத்தனை நிமிஷம் என்ற விவரம் அங்கேதான் எழுதியிருக்கும். ஒரு ஆடியோ சிடியில் அதிகபட்சம் 99 பாட்டு.

கீறல் விழுந்தாலும் பாட்டு ஓடுகிறதே, எப்படி? ஒரு பாட்டின் தகவலை வரிசையாக ஒரே இடத்தில் எழுதாமல், கலைத்துப் பரப்பி எழுதியிருப்பார்கள். கூடவே சரிபார்க்க உபரி எண்களும் இருக்கும். கோட்டின் நீளவாக்கில் சுமார் 2.5 மில்லிமீட்டர் வரை அழிந்துபோனாலும், மற்ற இடங்களில் இருப்பதை வைத்து பிளேயர் கணக்குப் போட்டு முழுசாகச் சரிசெய்துவிடும். அதற்கு மேல் போனால், முன்னும் பின்னும் இருக்கும் ஒலியைப் பார்த்து நடுவில் ஊகித்து நிரப்பும். அதுவும் முடியாதபோதுதான் 'டக் டக் டக்' என்று சிக்கும். இந்த 2.5 மில்லிமீட்டர் கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் உதவும்.

மறந்துபோன பட்டன்கள்

இன்ட்ரோ ஸ்கேன்: ஒவ்வொரு பாட்டின் முதல் 10 விநாடி மட்டும் வரிசையாக ஓடும். வேண்டிய பாட்டு வந்ததும் ஒரு அமுக்கு, அவ்வளவுதான். பாட்டுப் பெயர் திரையில் தெரியாத காலம் அது. 'ட்ராக் 07' என்று எண் மட்டும்தான் வரும். அதனால் காதால் தேட ஒரு வழி வேண்டியிருந்தது. இன்று ரீல்ஸ் தள்ளித் தள்ளிப் பார்க்கிறோமே, அதன் தாத்தா இதுதான்.

ப்ரோகிராம்: 3, 9, 1, 12 என்று நமக்குப் பிடித்த வரிசையில் எண்களை அமுக்கிவைத்தால் அதே வரிசையில் ஓடும். பல மாடல்களில் 20 பாட்டு வரை போடலாம். திரையில் 1 முதல் 20 வரை எண்கள் காலண்டர் மாதிரி கட்டம் கட்டமாக எரியும். ஒரு பாட்டு முடிந்ததும் அதன் எண் அணையும். இன்னும் எத்தனை பாக்கி என்று தூரத்தில் இருந்தே தெரிந்துவிடும்.

பிடித்த பாட்டு நினைவகம்: பிலிப்ஸ் 1980-களிலேயே சில பிளேயர்களில் கொடுத்த வசதி. ஒரு சிடியில் எந்தெந்தப் பாட்டு பிடிக்கும் என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போதும். சிடியை எடுத்துவிட்டு, ஆறு மாசம் கழித்து மறுபடி போட்டாலும், 'ஓ, இந்தத் தட்டா!' என்று அடையாளம் கண்டு, பிடித்த பாட்டுகளை மட்டும் ஓட்டும். இன்டர்நெட் இல்லை, அக்கவுன்ட் இல்லை, லாகின் இல்லை. ஒவ்வொரு சிடியின் பொருளடக்கமும் வேறுவேறு என்பதால், அதையே கைரேகை மாதிரி வைத்துக் கண்டுபிடித்துவிடும்.

கேசட் எடிட்: இதுதான் இருப்பதிலேயே சுவாரஸ்யமானது. அப்போது சிடி வைத்திருந்தவர்களும் பஸ்ஸிலும் காரிலும் கேட்கக் கேசட்டில்தான் பதிந்துகொண்டார்கள். 60 நிமிஷக் கேசட் என்றால் ஒரு பக்கத்துக்கு 30 நிமிஷம். பாட்டு பாதியில் அறுந்துபோகக் கூடாதே! கேசட் நீளத்தைச் சொன்னால், எந்தப் பாட்டெல்லாம் 'ஏ' பக்கத்துக்குள் அடங்கும், எது 'பி' பக்கம் என்று பிளேயரே கூட்டிப் பிரித்துத் தரும். சரவணை மளிகைக்கடைக்காரர் மூட்டையில் அடுக்குகிற மாதிரி! இதோடு இன்னும் இரண்டு துணை வசதிகள். 'பீக் சர்ச்' முழு சிடியையும் வேகமாக ஓட்டிப் பார்த்து, எந்த இடத்தில் சத்தம் உச்சத்தில் இருக்கிறது என்று காட்டும். ரெக்கார்டிங் அளவை அதற்கு ஏற்ப வைக்கலாம். 'ஆட்டோ ஸ்பேஸ்' ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவே 3 விநாடி அமைதியைச் செருகும். அந்த அமைதியை வைத்துத்தான் கேசட் டெக் அடுத்த பாட்டின் தொடக்கத்தைக் கண்டுபிடிக்கும்.

ஆட்டோ பாஸ்: ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்ததற்கு ஓடாமல் அப்படியே நிற்கும். மேடையில் ஆடுபவர்களுக்கும், நடுநடுவே அறிவிப்புச் செய்கிற மைக் செட்காரர்களுக்கும் வரம். இன்றைக்கு ஆண்டுவிழாவில் மாணவிகள் ஆடி முடிப்பதற்குள் போனில் அடுத்த பாட்டு குதித்து வந்து மானத்தை வாங்குகிறதே, அந்தப் பிரச்னையே இல்லை.

ஏ-பி ரிப்பீட்: பாட்டில் ஒரு இடத்தில் 'ஏ' அமுக்க வேண்டும், இன்னோர் இடத்தில் 'பி'. அந்தத் துண்டு மட்டும் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டே இருக்கும். நாதஸ்வரமோ தவிலோ கீபோர்டோ கற்றுக்கொள்கிற பிள்ளைக்கு, ஸ்போக்கன் இங்கிலீஷ் சிடி வாங்கினவருக்கு இதைவிடப் பெரிய வாத்தியார் இல்லை. இன்றைய பெரிய மியூசிக் ஆப்களில் முழுப் பாட்டையும் ரிப்பீட் போடலாம். ஆனால் நடுவில் நாலே விநாடி மட்டும் வேண்டும் என்றால் தனி ஆப் தேடி ஓட வேண்டியதுதான்.

இண்டெக்ஸ்: 99 பாட்டு என்றோமே, ஒவ்வொரு பாட்டுக்குள்ளும் 99 அடையாளக் குறிகள் வைக்க ரெட் புக் இடம் கொடுத்திருந்தது. ஒரு மணி நேரக் கச்சேரி ஒரே ட்ராக்காக இருந்தாலும் ஆலாபனை, கீர்த்தனை, தனி ஆவர்த்தனம் என்று தனித்தனியாகத் தாவலாம். நீள வீடியோக்களில் இப்போது 'சாப்டர்' என்று வருகிறதே, அதேதான். அதிகம் பேர் பயன்படுத்தாததால் பட்டனையே எடுத்துவிட்டார்கள்.

முதல் பாட்டுக்கு முன்னால் ஒரு ரகசியம்: முதல் ட்ராக் தொடங்குவதற்கு முன்னால் கொஞ்சம் காலியிடம் விட முடியும். சில வெளிநாட்டு இசைக்குழுக்கள் அந்த இடத்தில் ஒரு முழுப் பாட்டையே ஒளித்துவைத்தன. சிடியைப் போட்டதும் பின்னோக்கி ஓட்டினால்தான் அது கிடைக்கும். பட்டியலில் இருக்காது, கவரில் இருக்காது. கண்டுபிடித்தவன் ராஜா!

ஷாக் ப்ரொடெக்‌ஷன்: டிஸ்க்மேனைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போனால், ஒரு ஸ்பீட் பிரேக்கர் வந்ததும் லேசர் தடம் மாறிப் பாட்டு எகிறும். 1990-களில் இதற்குத் தீர்வு வந்தது. தட்டை வேகமாகச் சுற்றி, பாட்டை முன்கூட்டியே படித்து ஒரு மெமரி சிப்பில் சேர்த்துவைப்பது. முதலில் சில விநாடி அளவுக்கு, பிறகு 40 விநாடி அளவுக்கு. பஸ் குலுங்கும்போது மெமரியில் இருப்பது ஓடும், அதற்குள் லேசர் தன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நெட் விட்டு விட்டு வந்தாலும் உங்கள் போனில் பாட்டு நிற்காமல் ஓடுவது இதே தந்திரத்தால்தான். அப்போது எதிரி பள்ளம், இப்போது எதிரி சிக்னல்.

நம்ம பக்கம் சிடி வந்தது விசிடி வேஷத்தில்!

இதுவரை சொன்னதெல்லாம் பணக்கார வீட்டு ஹால் கதை. ரிஷிவந்தியம், தியாகதுருகம், மணலூர்ப்பேட்டை, பகண்டை கூட்டுரோடு என்று இந்தச் சுற்றுவட்டாரத்தில் 1990-கள் முழுக்கக் கேசட் ராஜ்ஜியம்தான். ஆடி மாசம் கூழ் ஊற்றும்போது கட்டுகிற ரேடியோ செட்டில் ஓடியதும் கேசட்தான். சிடி பரவலாக வீட்டுக்குள் வந்தது 2000-க்குப் பிறகு, அதுவும் சினிமா பார்க்கிற விசிடி பிளேயராக.

விசிடிக்கான விதிமுறை 1993-ல் வந்தது. ஆடியோ சிடி ஒரு விநாடிக்கு எவ்வளவு தகவலைக் கக்குமோ, கிட்டத்தட்ட அதே அளவுக்குள் படத்தையும் ஒலியையும் சேர்த்து அமுக்கிவைத்தார்கள். அதனால்தான் ஒரு தட்டில் 74 நிமிஷம், மிஞ்சினால் 80 நிமிஷம். ரெண்டரை மணி நேரத் தமிழ்ப்படம் இரண்டு, மூன்று தட்டாக வந்த ரகசியம் இதுதான். இயக்குநர் வைத்த இடைவேளை ஒன்று, தட்டு மாற்றும் இடைவேளை இன்னொன்று. ஹீரோ வில்லனை அடிக்கக் கையை ஓங்கும்போது 'டிஸ்க் 1' முடியும். எழுந்துபோய் மாற்றுவது எப்போதும் வீட்டின் கடைக்குட்டி வேலை.

2006-ல் ஆட்சிக்கு வந்த தி.மு.க. அரசு கொடுத்த இலவசக் கலர் டிவி, இந்தக் கதையில் பெரிய திருப்பம். மாநிலம் முழுக்க ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட டிவிக்கள் கொடுக்கப்பட்டன. அப்போது கள்ளக்குறிச்சி தனி மாவட்டம்கூட இல்லை. 2019-ல்தான் விழுப்புரத்திலிருந்து பிரிந்தது. டிவி வந்த வீட்டுக்கு அடுத்து வந்தது விசிடி பிளேயர். மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று ஒயர். மஞ்சள் படத்துக்கு, மற்ற இரண்டும் சத்தத்துக்கு. இதை மாற்றிச் சொருகித் திட்டு வாங்காத 90ஸ் கிட் உண்டா?

அந்த பிளேயர்களின் ரிமோட்டில் 40-க்கும் குறையாமல் பட்டன் இருக்கும். பாதிக்கு அர்த்தமே தெரியாது. இப்போதாவது தெரிந்துகொள்வோம்.

'பி.பி.சி.' என்று ஒரு பட்டன் இருந்ததே, அது லண்டன் ரேடியோ இல்லை. பிளேபேக் கன்ட்ரோல். அது ஆனில் இருந்தால் மெனு வரும், எண் அமுக்கித் தேர்ந்தெடுக்கலாம். ஆஃப் செய்தால் மெனு இல்லாமல் நேராகப் படம் ஓடும்.

'டைஜெஸ்ட்' அமுக்கினால் திரை 9 கட்டமாகப் பிரியும். தட்டில் இருக்கும் காட்சிகள் ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வொன்றாக வந்து உட்காரும். எண்ணை அமுக்கினால் அந்தக் காட்சிக்குத் தாவலாம். இன்று வீடியோவின் கீழே விரலை இழுத்தால் குட்டிப் படம் தெரிகிறதே, அதற்கு முன்னோடி.

'எல்/ஆர்' என்பது பாட விரும்புகிறவர்களுக்கு. கரோக்கி தட்டுகளில் ஒரு பக்க ஒலியில் இசை மட்டும், மறுபக்கத்தில் பாடகர் குரலோடு இசை. பட்டனை அமுக்கினால் பாடகர் காணாமல் போவார். பிளேயரின் முன்பக்கம் மைக் சொருக ஓட்டையும், எதிரொலிக்கு ஒரு திருகும் இருக்கும். எத்தனை வீடுகளில் அந்த மைக் ஓட்டையில் தூசி மட்டும் பாடியதோ!

'கோ டு' பட்டனின் அருமை கரன்ட் கட் காலத்தில்தான் தெரிந்தது. 2008-க்குப் பிறகு சில வருஷங்கள் தமிழ்நாட்டில், குறிப்பாகக் கிராமங்களில், ஒரு நாளில் பல மணி நேரம் மின்சாரம் இருக்காது. படம் 47-வது நிமிஷத்தில் நிற்கும். கரன்ட் வந்ததும் பிளேயர் எல்லாவற்றையும் மறந்துவிட்டு முதலிலிருந்து தொடங்கும். நேரத்தைக் குறித்துவைத்தவர் மட்டும் 'கோ டு' போய் 47:00 என்று அடித்து விட்ட இடத்துக்கே வந்துவிடுவார்.

சினிமா மட்டுமா? தெருக்கூத்து, திருவிழா, பக்திப் பாடல் என்று பெரிய திரை எட்டிப் பார்க்காத விஷயங்களும் சிடி ஆகின. ஒரு தட்டைப் பதிய ஒரு கம்ப்யூட்டரும் ரைட்டரும் போதும் என்பதால், சின்ன ஊர்க் கலைஞர்களுக்கும் ஒரு 'ரிலீஸ்' கிடைத்தது.

அப்புறம் ஏன் போச்சு?

முதல் அடி எம்பி3. 128 கேபிபிஎஸ் அளவில் பதிந்தால் 700 எம்பி தட்டில் சுமார் 150 பாட்டு. 12 பாட்டு சிடியை யார் வாங்குவார்கள்? இரண்டாவது, திருட்டு விசிடி. படம் தியேட்டரில் ஓடும்போதே பஸ் ஸ்டாண்டில் தட்டு கிடைத்தது. 2004-ல் தமிழ்நாடு அரசு குண்டர் சட்டத்தைத் திருத்தி, திருட்டு வீடியோ தயாரிப்பவர்களையும் அதில் சேர்க்கும் அளவுக்குப் பிரச்னை முற்றியது.

நேர்வழியில் ஒரு பதிலடியும் வந்தது. உலகின் பெரிய சிடி தயாரிப்பாளர்களில் ஒன்றான மோசர் பேர் என்ற இந்திய நிறுவனம், 2007 வாக்கில் ஒரிஜினல் படங்களை விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று விற்றது. திருட்டுத் தட்டின் விலைக்கே நல்ல தட்டு! மளிகைக்கடையில்கூடத் தொங்கின. ஆனால் பென் டிரைவும் மெமரி கார்டும் வந்த பிறகு தட்டுக்கே வேலை இல்லை. செல்போன் கடையில் பத்து இருபது ரூபாய்க்குக் கார்டு நிறையப் பாட்டு ஏற்றிக் கொடுத்தார்கள். 2011-ல் விஜயகாந்த் ரிஷிவந்தியம் தொகுதியில் ஜெயித்து எதிர்க்கட்சித் தலைவரானபோது தமிழ்நாடே நம்ம ஊர்ப் பெயரை உச்சரித்தது. அதே காலகட்டத்தில்தான் சிடி சத்தமில்லாமல் விடைபெற்றுக்கொண்டிருந்தது. மோசர் பேர் நிறுவனத்தையே 2018-ல் கலைக்க உத்தரவானது.

சிடி காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. தட்டு சிக்கும், லென்ஸ் அழுக்காகும், நண்பனுக்குக் கொடுத்தால் திரும்பி வராது. இன்றைக்குக் கையில் இருக்கும் வசதிக்கு அது ஈடே இல்லை. ஆனால் ஒன்று, வாங்கிய தட்டு நம்முடையது. ஆப்பில் நேற்று இருந்த பாட்டு உரிமைப் பிரச்னையால் இன்றைக்குக் காணாமல் போகலாம். தட்டில் அது நடக்காது. கல்வராயன் மலையில் சிக்னல் கிடைக்காத இடத்தில் உட்கார்ந்திருந்தாலும் தட்டு பாடும்.

பீரோவில் இருக்கும் சிடியை இப்பவே எடுங்க!

இப்போது நிஜமான விஷயத்துக்கு வருவோம். 2000-க்கும் 2012-க்கும் நடுவில் உங்கள் வீட்டில் நடந்த கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கிரகப்பிரவேசம் எல்லாம் சிடியில்தான் இருக்கும். அப்போது வீட்டுக்கு வீடு ஸ்மார்ட்போன் கிடையாது. அதற்குள் இறந்துபோன தாத்தா, ஆயாவின் அசைகிற உருவமும் குரலும் இந்த உலகத்தில் வேறு எங்கேயும் இல்லாமல் இருக்கலாம். மொய் எழுதுகிற இடத்தில் உட்கார்ந்து யாரையோ அதட்டுகிற பத்து விநாடிதான் அவர் விட்டுப்போன ஒரே வீடியோ என்ற குடும்பங்கள் நிறைய.

கடையில் வாங்கிய சினிமா சிடி, அச்சில் அழுத்திச் செய்தது. ஸ்டூடியோ கொடுத்த சிடி அப்படியில்லை. சாயப் பூச்சு ஒன்றை லேசரால் சுட்டு எழுதியது. வெயில், சூடு, ஈரம் மூன்றும் அந்தச் சாயத்தை வெளுக்கவைக்கும். தகர ஷீட்டுக்குக் கீழே பரணில் கிடந்தால் சீக்கிரமே போய்விடும். ஸ்டூடியோவில் ஒரிஜினல் இருக்கும் என்று நம்பி உட்காரவும் வேண்டாம். இத்தனை வருஷம் யாரும் ஹார்டு டிஸ்க்கில் அடைகாத்து வைத்திருக்க மாட்டார்கள். சரி, என்ன செய்யலாம்?

1. துடைப்பது: மெல்லிய பருத்தித் துணியால், நடு ஓட்டையிலிருந்து விளிம்புக்கு நேர்க்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் தடத்தோடு சேர்ந்து ஓடி, அந்த 2.5 மில்லிமீட்டர் எல்லையைத் தாண்டிவிடும். குறுக்குக் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் துளி இடத்தைத்தான் கெடுக்கும், பிளேயர் சமாளித்துவிடும்.

2. மேல்பக்கம் ஜாக்கிரதை: எல்லோரும் பளபளக்கும் அடிப்பக்கத்தைத்தான் பாதுகாப்பார்கள். உண்மையில் தகவல் இருக்கும் அடுக்கு, எழுத்து இருக்கும் மேல்பக்கத்துக்குச் சற்றுக் கீழேதான் இருக்கிறது. அடியில் 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் காவல், மேலே மெல்லிய வார்னிஷ் மட்டும். பால் பாயின்ட் பேனாவால் மேலே அழுத்தி எழுதுவதும், ஒட்டிய ஸ்டிக்கரை உரிப்பதும் ஆபத்து.

3. டிரைவ்: இப்போதைய லேப்டாப்களில் பெரும்பாலும் சிடி டிரைவ் கிடையாது. யு.எஸ்.பி.யில் சொருகும் டிவிடி டிரைவ் தனியாகக் கிடைக்கிறது. சொந்தக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கினால் போதும். பழைய கம்ப்யூட்டர் வைத்திருக்கும் பிரவுசிங் சென்டரிலும் கேட்டுப் பாருங்கள்.

4. விசிடி என்றால்: தட்டைத் திறந்தால் 'எம்பெக்ஏவி' என்ற ஃபோல்டர் இருக்கும். அதற்குள் 'டேட்' என்று முடியும் பெரிய ஃபைல்தான் உங்கள் வீடியோ. அதை அப்படியே காப்பி செய்யுங்கள். வி.எல்.சி. பிளேயரில் ஓடும். டிவிடி என்றால் 'வீடியோ டிஎஸ்' ஃபோல்டரை முழுசாகக் காப்பி செய்ய வேண்டும்.

5. ஆடியோ சிடி என்றால்: இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். விண்டோஸில் 'ட்ராக்01' என்று ஃபைல்கள் தெரியும். பென் டிரைவில் போட்டால் ஒரு விநாடியில் காப்பி ஆகிவிடும். வீட்டுக்கு வந்து போட்டால் ஒன்றும் ஓடாது. காரணம், அது 44 பைட் மட்டுமே உள்ள வெறும் விலாசச் சீட்டு. பாட்டு அதற்குள் இல்லை. 'ரிப்' செய்யும் மென்பொருளால்தான் எடுக்க வேண்டும். தரம் குறையாமல் வேண்டும் என்றால் 'ஃப்ளாக்' வடிவத்தில் சேமியுங்கள்.

6. பாதியில் நின்றால்: மனசு விடாதீங்க. ஒரு டிரைவ் படிக்காத தட்டை இன்னொரு டிரைவ் படிக்கும். லென்ஸுக்கு லென்ஸ் திறமை வேறு. இரண்டு, மூன்று இடங்களில் முயன்ற பிறகு முடிவு செய்யுங்கள்.

7. இரண்டு இடத்தில் வையுங்கள்: ஒன்று பென் டிரைவ் அல்லது ஹார்டு டிஸ்க், இன்னொன்று கிளவுட். ஃபேமிலி குரூப்பில் வாட்ஸ்அப் வீடியோவாக அனுப்பினால் தரம் சுருங்கிவிடும். அனுப்புவதாக இருந்தால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். ஃபைலுக்கு 'வீடியோ 1' என்று பெயர் வைக்காமல், யார் விசேஷம், எந்த ஊர், எந்த வருஷம் என்று எழுதுங்கள்.

இன்னொரு வேலையும் உண்டு, இதை மென்பொருள் செய்யாது. காப்பி எடுத்த வீடியோவை ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் பெரியம்மாவையும் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டுங்கள். பந்தியில் சாம்பார் ஊற்றுகிறவர் யார், பந்தக்கால் ஓரமாக நிற்கிற பொடியன் யார் என்று அவர்கள் சொல்லச் சொல்லப் போனில் குறித்துக்கொள்ளுங்கள். தட்டில் இருக்கும் முகத்தைக் கம்ப்யூட்டர் காப்பாற்றிவிடும். அந்த முகத்தின் பெயரைத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு வைப்பது நம்ம வேலை.